மாப்பிள்ளை வாயைப் பார்த்தவள்

மந்தாரக்குப்பம் மெயின் ரோட்டில் பட்டம்மாளின் இட்லிக் கடைக்கு நேர் மேலே பல் ஆஸ்பத்திரி வந்த பிறகு இட்லி இன்னும் மெத்தென்று ஆகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பட்டம்மாள் அதை ஒத்துக்கொள்வதில்லை. மாவு அதே மாவுதான், மேலே போய்விட்டு வருகிறவர்களுக்குத்தான் மெல்ல முடியவில்லை என்பாள். மாடிக்குப் போக ஒரே ஒரு படிக்கட்டு. அது அவளுடைய இட்லிப் பானையின் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஆகவே ஊரில் யாருக்குப் பல் வலித்தாலும் முதலில் தெரிவது பட்டம்மாளுக்கு. மாடியிலிருக்கும் டாக்டர் சத்யாவுக்கே அதற்குப் பிறகுதான்.

அந்த மாடிக்குத்தான் நூருல்லாவின் இளைய மகள் ஆசிஃபா ஆறு மாதப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தாள். பல் சுகாதார டிப்ளமோ, இரண்டாம் வருஷம். பல்லைப் பிடுங்குகிற படிப்பு இல்லை. பிடுங்க விடாமல் பார்த்துக்கொள்கிற படிப்பு. பல்லில் கல்லாகப் படிந்த காறையை எடுப்பது, ஈறைப் பார்ப்பது, நாற்பது வருஷமாகப் பல் தேய்த்துக்கொண்டிருப்பவருக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்துத் திட்டு வாங்குவது, எல்லாம் அதில் அடக்கம். முதல் வாரத்தில் ஓர் ஆளின் வாயிலிருந்து அவள் எடுத்த காறையை அனல் மின் நிலையத்தில் போட்டிருந்தால் டவுன்ஷிப்பில் இரண்டு பிளாக்குக்கு ஒரு மணி நேரம் கரண்ட் வந்திருக்கும். அந்த ஆள் யார் என்று சொல்வதற்கில்லை.

சொல்வதற்கில்லை என்பது ஆசிஃபாவுக்கே ஆரம்பத்தில் தெரியாது. வேலை புதிது, சந்தோஷம் வாய் கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா சித்தீகாவிடம், "பட்டம்மாக்காவுக்கு ஒரு பல்லுல கூட சொத்த இல்லம்மா, மக்காச்சோளம் மாதிரி வரிசயா இருக்குது" என்றாள். மறுநாள், "டிரைவிங் ஸ்கூல் வளவன் அண்ணனுக்கு சும்மா கறதான், தேச்சதும் பூடுச்சி" என்றாள். நல்ல சேதிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள். சித்தீகா அதைத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். பட்டம்மாள் அன்றைக்கு இட்லி விற்கும்போது வழக்கத்தைவிட நாலு தரம் அதிகமாகச் சிரித்தாள்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் காலையில் கல்லூரியில் ஒரு வகுப்பு. நோயாளியின் வாயில் பார்த்தது நோயாளிக்குச் சொந்தம், வெளியே போகக் கூடாது என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஆசிஃபா அன்று சாயங்காலமே திருந்திவிட்டாள். திருந்தியதுதான் தப்பாகிப் போயிற்று.

ஏனென்றால் அன்று மத்தியானம் மாடிக்கு வந்திருந்தவர் அதே தெருவில் இருக்கும் தனகோடி. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. குழாயடியில் தனகோடியின் பெண்சாதி கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு வந்தாராமே. வாயி எப்பிடி இருக்குது?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுக்கா."

"பட்டம்மாளுக்கு சொன்ன?"

"அது அப்ப."

"வளவனுக்கு சொன்ன?"

"இனிமே யாருக்கும் சொல்றதில்லக்கா."

தனகோடியின் பெண்சாதி குடத்தைக்கூட நிரப்பவில்லை. விட்டுவிட்டதாகச் சொன்ன புகையிலைப் பாக்கை மனுஷன் மறுபடி போடுகிறான் என்று முடிவு கட்டி, ராத்திரி ஷிப்டுக்குக் கட்டிய சோற்று கேரியரைத் தெருவில் வீசினாள். நாலு அடுக்கும் நாலு திசைக்குப் போயின. சாம்பார் அடுக்கு மட்டும் இந்திரா நகர் வரைக்கும் உருண்டது என்கிறார்கள். அவ்வளவு தூரம் இருக்காது.

மறுநாள் காலை, ஷிப்டு முடித்து வந்த தனகோடி கரித்தூள் போகாத முகத்தோடு படிக்கட்டில் நின்றார்.

"பாப்பா, என் வாயில என்னா இருந்துச்சி? ஒண்ணும் இல்ல. எனக்குந் தெரியும், ஒனக்குந் தெரியும். ஆனா நீ நல்லா இருக்கறவங்க பல்லயெல்லாம் தெருவுக்கு சொல்லிட்ட. எனக்கு மட்டும் வாய மூடிகினா என்னா அர்த்தம்?"

கெட்டதைச் சொன்னதால் இல்லை, நல்லதைச் சொன்னதால் ஒரு மனுஷன் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறான் என்பது ஆசிஃபாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். கீழே போய், அவரோடு வீட்டுக்கு நடந்து, பெண்சாதியிடமும் கேட்டாள். அன்றிலிருந்து நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது. வைத்தியம் தனக்கு முடிந்தது என்று நினைத்தாள். ஊருக்கு இன்னும் முடியவில்லை.

சித்திரை பாதியில், முந்திரிக்கொட்டை வந்துகொண்டிருந்த நாள்களில், ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஓர் இளைஞன் படியேறி வந்தான். வெளியே வெயில் நூற்றெட்டு டிகிரி. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது.

"பேரு?"

"ஆரிஃப்."

"ஊரு?"

"சேத்தியாத்தோப்பு. டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கட வச்சிருக்கோம்."

ஆசிஃபாவின் பேனா நின்றது. அந்த முகத்தை அவள் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா சபீஹாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. அம்மாவின் அண்ணன் அப்துல் வஹீத் மாமு போனில் அனுப்பிய படத்தை வீட்டிலும் பட்டம்மாள் கடையிலும் எல்லோரும் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்ததில் கன்னம் கொஞ்சம் தேய்ந்துகூடப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன்னால் பல்லைச் சரிபண்ணிக்கொள்ள, சொந்த ஊரில் போனால் ஊருக்கே தெரியும் என்று, யாருக்கும் தன்னைத் தெரியாத ஊராகத் தேடி இருபது மைல் பைக்கில் வந்திருக்கிறான். பெண் வீடு டவுன்ஷிப் பக்கம் என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவள் டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் சத்யா ஒரு நிமிஷம் யோசித்து, "அவர்கிட்டயே கேளு" என்று மட்டும் சொன்னார். ஆசிஃபா திரும்பி வந்து முகமூடியைக் கழற்றினாள்.

"நான் சபீஹா தங்கச்சி. ஞாயித்துக்கெழம நீங்க வரப்போறது எங்க வூட்டுக்குத்தான்."

ஆரிஃப் நாற்காலியில் பாதி எழுந்துவிட்டான்.

"டாக்டர் மட்டும் பாத்தா போதும்னா நான் வெளிய உக்காந்துக்கறேன். இங்கயே வேணாம்னாலும் சரி. கடலூர்ல நெறய பேரு இருக்காங்க."

"நீங்க வூட்ல சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"நல்லா இருந்தாலுமா?"

"நல்லா இருந்தாலும்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். கீழே பட்டம்மாள் இட்லித் தட்டைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. மெல்லச் சாய்ந்து படுத்து வாயைத் திறந்தான்.

ஆசிஃபா பார்த்தாள். என்ன பார்த்தாள் என்பது இந்தக் கதையில் வராது. அதற்காகவே உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்துபோய்ப் பட்டம்மாள் கடையில் ரெண்டு இட்லி சாப்பிடலாம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சித்தீகா பின்கட்டில் காத்திருந்தாள். முன்னால் ஒரு முறம் நிறையப் பச்சை முந்திரிக்கொட்டை. கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு, கொட்டையை அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்து, குச்சியால் பருப்பை நெம்பி எடுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்கு.

"வந்துட்டியா. பட்டம்மா சொன்னா. மாப்பிள்ள மேல ஏறி வந்தாராமே. முக்கா மணி நேரம் இருந்தாராமே."

"ம்."

"என்னாடி ம்? வாயப் பாத்தியா இல்லியா?"

"அம்மா, அதெல்லாம் கேக்காதீங்க."

அரிவாள்மனை நின்றது. "அப்ப என்னமோ இருக்குது."

"இருக்குதுன்னு சொன்னனா?"

"இல்லன்னு சொல்லலியே."

"இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

"பெத்தவகிட்ட சொல்லக் கூடாத ரகசியம் என்னாடி அந்த மனுஷன் வாயில? பொதையலா வச்சிருக்காரு?"

"பொதையல் இருந்தாலும் அவரோடது."

சித்தீகா சாம்பல் கையோடு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அன்றையிலிருந்து ஆசிஃபாவால் வீட்டில் தும்ம முடியவில்லை. தும்மினால், "பாரு, மனசு உறுத்துது" என்றாள் அம்மா. சீக்கிரம் தூங்கினால் துக்கம். கொஞ்சம் சிரித்தால், அக்காள் தலையெழுத்தை நினைத்துச் சிரிப்பு. வெள்ளிக்கிழமை காலை சித்தீகா ஒரு தட்டில் பலாச்சுளைகளை வைத்து நீட்டினாள்.

"நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். மாப்பிள்ளைக்கு எல்லாம் நல்லபடியா இருந்தா ஒரு சுள எடுத்துத் தின்னு. இல்லன்னா தின்னாத. நான் புரிஞ்சிக்கறேன்."

ஆசிஃபாவுக்குப் பலாச்சுளை என்றால் உயிர். தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பட்டம்மாளிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு மாடியேறினாள். பட்டம்மாள் எல்லாச் சுளையையும் தின்றதை வைத்து சித்தீகாவால் ஒன்றையும் புரிந்துகொள்ள முடியவில்லை.

அத்தா நூருல்லாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை: கையுறை, ஹெல்மெட், டார்ச் லைட், முன்னால் இரும்புத் தொப்பி வைத்த ஷூ. அவர் நேரடியாகக் கேட்கிற ஆள் இல்லை. ஒரு ஷூவை எடுத்து, அதன் முனையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே சொன்னார்.

"கஸ்டமர் வந்தா நான் ஷூவ தட்டித்தான் காட்டறேன். உள்ள இரும்பு இருக்குதா இல்லியான்னு தெரியாம யாரு வாங்குவா?"

"தட்டிப் பாக்கறவரு கஸ்டமரு அத்தா. பக்கத்துக் கடக்காரரு வந்து தட்டறதில்ல."

நூருல்லா சுத்தியலைக் கீழே வைத்தார். "ஒன் அக்கா வாழ்க்கம்மா."

"தெரியும் அத்தா."

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, தங்கச்சிக்கே தெரியும், சொல்லலன்னு ஊரு பேசும்."

"பேசட்டும். நான் சொன்னா, நாளைக்கு ஊரே வாய மூடிகிட்டு சாகும். எங்கிட்ட காட்ட எவனும் வர மாட்டான்."

ஆனால் ஊர் வாயை மூடவில்லை. தங்கச்சி சொல்ல மாட்டேன் என்கிறாளாம் என்பது குழாயடியில் கிளம்பியது. வடலூருக்கு வரும்போது மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டும் பொய்ப்பல் ஆகியிருந்தது. குள்ளஞ்சாவடிச் சந்தையில் ஒட்டுமொத்தப் பல்செட்டே பொய். ராத்திரி டம்ளரில் போட்டு வைக்கிறாராம். அங்கே ஒருத்தர், அதெல்லாம் இல்லை, மொத்தம் முப்பத்தாறு பல், நாலு அதிகம் என்றார். சேத்தியாத்தோப்புக்குள் நுழைந்தபோது இரண்டு வரிசை என்று ஆகி, அப்படியே ஆரிஃபின் அம்மா காதில் போய் விழுந்தது. அந்தம்மா தன் மகனை உட்கார வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, பெண் வீட்டுக்கு போன் போட்டாள்.

"பல்ல எண்ணி மாடு வாங்கற எடத்துல எங்களுக்கு சம்மந்தம் வேணாங்க."

சித்தீகா போனைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். சபீஹா தான் பாடம் சொல்லிக்கொடுக்கும் நர்சரிப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, பையை மாட்டிவிட்டு, எதுவும் கேட்காமல் தங்கச்சியைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எல்லாம் என்னாலக்கா" என்றாள் ஆசிஃபா. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். "நல்லதா கெட்டதான்னு நீ மட்டும் கேக்கவேயில்ல. ஏன்?"

"கேட்டா சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சி."

"நீ கேட்டாலும் சொல்ல மாட்டேங்கா."

"அப்ப சரி" என்றாள் சபீஹா. "அழுவாத. மூஞ்சிய கழுவு. அழுதா அம்மா அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவாங்க."

சனிக்கிழமை காலை அப்துல் வஹீத் மாமு சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சித்தீகாவின் அண்ணன், சாக்கு வியாபாரம், இந்தச் சம்மந்தத்தைக் கொண்டுவந்தவர். தன் மரியாதை நடு ரோட்டில் கிடக்கிறது என்றும், அதைப் பொறுக்கிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்புவேன் என்றும் பட்டம்மாளிடம் சொல்லிவிட்டு மாடியேறினார். மாப்பிள்ளையின் வாயை எழுதி வைத்த தாள் ஒன்று அங்கே பீரோவில் இருக்கும், அதை வாங்கிக்கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்பது அவர் கணக்கு.

உள் அறையில் டாக்டர் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். ஆசிஃபா பீரோவுக்கு முன்னால் நின்றாள். சாவி அவள் கோட்டுப் பையில்.

"அந்தத் தாள எடு."

"மாமு, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க."

செருப்பை விட்டுவிட்டு வந்தார். "இப்ப எடு."

"பேஷண்டு தவிர யாரும் உள்ள நிக்கக் கூடாது மாமு."

"அப்பிடியா. நானும் பேஷண்டுதான். எனக்கும் பல்லு வலிக்குது. போடு டோக்கன்."

ஆசிஃபா டோக்கன் போட்டாள். பேர், வயசு, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா எல்லாம் கேட்டு எழுதினாள். மாமு பீரோவையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, மாமுவை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பினாள்.

"வாயத் தொறங்க."

"எதுக்கு? நான் சும்மா ஒரு பேச்சுக்கு."

"டோக்கன் போட்டாச்சி மாமு."

ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும், சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் தவிர மாமு யாருக்காகவும் வாயைத் திறந்தவர் இல்லை. திறந்தார். ஆசிஃபா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். பிறகு உள்ளே போய் டாக்டரைக் கூப்பிட்டு வந்தாள். டாக்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு மாமுவிடம் சன்னமான குரலில் நாலு வார்த்தை சொன்னார். மாமுவின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. போன இடத்தில் வியர்வை வந்திருந்தது.

டாக்டர் உள்ளே போனதும் மாமு எழுந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்தது போதாமல் மறுபடி துடைத்தார்.

"ஆசிஃபா."

"சொல்லுங்க மாமு."

"ஒங்க மாமிக்கு இது தெரிய வேணாம்."

"சரி மாமு."

"அவ வந்து கேப்பா. அவளப்பத்தி ஒனக்குத் தெரியும். எங்க போனாரு, என்னா சொன்னாங்கன்னு தொளச்சி எடுத்துருவா. கேட்டா என்னா சொல்லுவ?"

"நீங்க சொல்லுங்க. என்னா சொல்லட்டும்?"

"ஒண்ணுமே சொல்லாத."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லட்டா?"

"வேணாம். அப்பறம் ஒண்ணு இருந்துச்சின்னா? எதையுமே சொல்லாத."

"அதத்தான் மாமு நான் வியாழக்கெழமயிலேருந்து சொல்லிகினு இருக்கேன்."

மாமு அவளைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். தன் பேர் எழுதிய புதுத் தாளை அவள் அதற்குள் வைத்துப் பூட்டுவதைப் பார்த்தார்.

"நல்லா பூட்டுனியா?"

"பூட்டியாச்சி."

"இன்னொரு தரம் இழுத்துப் பாரு."

அவள் இழுத்துக் காட்டினாள். அதன் பிறகுதான் மாமு செருப்பை மாட்டினார். கீழே பட்டம்மாள் கரண்டியோடு காத்திருந்தாள்.

"என்னா பாய், தாளு கெடச்சிதா?"

"எந்தத் தாளு?" என்றார் மாமு. "ஒன் இட்லியப் பாரு பட்டம்மா."

அவர் நேரே சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினார். ஆரிஃபின் வீட்டுக்குப் போய், "எங்க பொண்ணு வீட்டுல எவனும் பல்ல எண்ணல. எண்ணறதுக்கு எடமிருந்தும் வாயத் தொறக்காத ஒரு பொண்ணு அந்த வூட்ல இருக்குது. நாளைக்கு வந்து பாருங்க" என்று அரை மணி நேரம் பேசினார். சாக்கு வியாபாரத்தில்கூட அவர் அவ்வளவு நேரம் பொய் கலக்காமல் பேசியதில்லை. கூடவே ஆரிஃபும் தன் அம்மாவிடம், போனால்தான் ஆயிற்று என்று நின்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நெய்ச்சோறு, முந்திரிப்பருப்புப் போட்ட குருமா, தால்ச்சா. சித்தீகா பரிமாறுகிற சாக்கில் மாப்பிள்ளையின் வாய்க்கு நேராகக் குனிந்து குனிந்து பார்த்தாள். அவன் சாப்பிடும்போது உதட்டை மூடி மெல்லுகிற வழக்கமுள்ளவனாக இருந்தது அவளுடைய துரதிர்ஷ்டம். சாப்பாடு முடிந்ததும் சபீஹா, பெரியவர்கள் முன்னாலேயே, "நான் அவர்கிட்ட அஞ்சி நிமிஷம் பேசணும்" என்றாள். மாமுதான், "பேசட்டும், என்னா இப்ப" என்றார்.

முற்றத்து வேப்ப மரத்தடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி, யார் காதிலும் விழாதபடி நின்று பேசினார்கள். அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷமாயிற்று. ஒரு தடவை அவன் ஏதோ நீளமாகச் சொன்னான், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சபீஹா உள்ளே வந்தாள்.

"எனக்கு சரிம்மா."

சித்தீகா அவளை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "கேட்டியா?"

"கேட்டேன்."

"சொன்னாரா?"

"எல்லாம் சொன்னாரு."

"என்னாடி சொன்னாரு?"

"எனக்கு சொன்னாரும்மா" என்றாள் சபீஹா.

சித்தீகா திரும்பி ஆசிஃபாவைப் பார்த்தாள். அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் அண்ணனைப் பார்த்தாள். அவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகச் சலசலவென்று பேசிய அந்த வீட்டில், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆசிஃபா மாடியில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் மெல்ல யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரல்களால் வலது தாடையைப் பொத்திக்கொண்டு, வாசலில் சித்தீகா நின்றாள்.

ஆசிஃபா மேஜை முன்னால் உட்கார்ந்து புதுத் தாளை எடுத்தாள்.

"பேரு சொல்லுங்க."

"என்னாடி பேரு, நான்தான்."

"எல்லாருகிட்டயும் கேக்கறதும்மா."

"சித்தீகா." அவள் சுற்றிலும் பார்த்தாள். "ரெண்டு வருஷமா வலிக்குது. நீ இங்க சேந்தப்பறமும், வந்தா தெருவுக்கே சொல்லிடுவன்னுதான் வரல." பீரோவைக் காட்டினாள். "அதுல பூட்டு இருக்குதில்ல?"

"இருக்குதும்மா."

சித்தீகா நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

சாயங்காலம் ஆசிஃபா கடைக்கு டீ கொண்டுபோனபோது நூருல்லா ஷூக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒங்கம்மா காலையில அந்தப் படியேறிப் போனாளாமே. பட்டம்மா சொன்னா. என்னாவாம் அவளுக்கு?"

ஆசிஃபா டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"அம்மாகிட்ட கேளுங்க அத்தா."